மேஸ்திரியா, இன்ஜினியரா, பேக்கேஜா, ஆர்க்கிடெக்டா? நாலு பேரிடமும் விலை கேட்ட அனுபவம்

திருச்சியில் 30க்கு 50 மனை, மேற்குப் பார்த்தது. கீழும் மேலுமாக 1,600 சதுர அடியில் ஒரு வீடு. இதைச் சொல்லிக்கொண்டு நாலு வகை ஆட்களிடம் போய் உட்கார்ந்தேன். மூன்று பேர் எடுத்த எடுப்பில் "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றார்கள். ஆர்க்கிடெக்ட் மட்டும் வீட்டில் எத்தனை பேர், அம்மாவுக்கு மாடி ஏற முடியுமா, சாயங்காலம் எங்கே உட்காருவீர்கள் என்று விசாரித்தார். உடனே உருகிவிட வேண்டாம். பட்ஜெட்டைப் பற்றிப் பேசாமலே மூன்று வாரம் ஓட்டிவிட்டு அவர் கொண்டுவந்த முதல் வரைபடம் 2,200 சதுர அடி இருந்தது.

முதலில் மேஸ்திரி. கூலி மட்டும் சதுர அடிக்கு 450 கேட்டார், சாமான் நம்முடையது. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிக் கட்டினால் ஜிஎஸ்டி கிடையாது, அது ஒரு லாபம். அந்தத் தெருவில் எத்தனை அடியில் கெட்டி மண் வரும், எந்த லோடு எம்சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூசி அதிகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, இதில் நான் பார்த்த எந்தப் பட்டதாரியும் அவருக்கு ஈடில்லை. ஆனால் பிளான் என்று நோட்டில் அவர் போட்டுக் காட்டியது அடுத்த தெருவில் போன வருஷம் கட்டிய வீடு. அது கிழக்குப் பார்த்த வீடு, அதை அப்படியே திருப்பிப் போட்டதில் எங்கள் படுக்கையறை இரண்டும் மேற்கு வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டன. திருச்சி வெயிலில்! கம்பி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. கனமான கம்பியாகத் தாராளமாகப் போடுவார்கள், ஆனால் தூணில் கட்டும் ரிங்கின் முனையை உள்பக்கமாக 135 டிகிரி மடக்கச் சொன்னால் "எதுக்கு சார்" என்பார்கள். நிலநடுக்கத்தில் ரிங் பிரிந்து போகாமல் பிடிப்பது அந்த மடிப்புதான், அதிகமாகப் போட்ட கம்பி அல்ல.

அடுத்து சிவில் இன்ஜினியர். நம் ஊரில் பாதி வீடுகள் இவர்கள் கையில்தான், அதற்குப் பெரிய காரணம் பிளான் அப்ரூவல். இப்போது அந்தக் காரணம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதாக இருந்தால், 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சான்று தருவது நீங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விழுங்கினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். சரி, இன்ஜினியர் "பிளான் ஃப்ரீ சார், காண்ட்ராக்ட்டை நமக்கே குடுத்துடுங்க" என்றார். ஃப்ரீ எல்லாம் இல்லை, சதுர அடி ரேட்டுக்குள் அது இருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. வரைபவரும் அவரே, கட்டுபவரும் அவரே, சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வருபவரும் அவரே. தூண் ஒன்று அரை அங்குலம் சாய்ந்தால் இடிக்கச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

சாமான், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு ஒரே ரேட் பேசிக் கட்டித் தரும் பேக்கேஜ் கம்பெனிக்கும் இதே கோளாறுதான், ஏசி ரூமில் உட்கார வைத்து காபி கொடுத்துச் சொல்வார்கள். சதுர அடி 2,350 என்றார்கள். 1,600க்குப் பெருக்கினால் 37,60,000. சாமானோடு சேர்த்த காண்ட்ராக்ட் என்பதால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 6,76,800. ஆக 44,36,800. விளம்பரத்தில் இந்த ஜிஎஸ்டி கணக்கு சின்ன எழுத்தில்கூட இல்லை. அப்புறம்தான் பட்டியல் தொடங்குகிறது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் தனி. பேஸ்மெண்ட் மூன்று அடிக்கு மேல் உயர்த்தினால் தனி. போர்ட்டிகோவும் மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூமும் முழுச் சதுர அடிக் கணக்கில் சேரும். டைல்ஸ் சதுர அடிக்கு 50 ரூபாய் வரை, அதற்கு மேல் ஆசைப்பட்டால் வித்தியாசம் நம் பாக்கெட்டிலிருந்து. வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே ஓடி அலைய ஆள் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி என்றால் நான் மறுக்கப் போவதில்லை. பணம் கட்டும் அட்டவணையை மட்டும் பாருங்கள். கான்கிரீட் போடும் முன்பே பாதிப் பணம் போகிற மாதிரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஆர்க்கிடெக்ட். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். பதிவு எண் சிஏ என்று தொடங்கும், கேட்டு வாங்கி கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு மட்டும்தான் என்றும், பதிவு இல்லாதவர் கட்டடம் வடிவமைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஊரெல்லாம் டிசைனர், பில்டிங் கன்சல்டண்ட் என்று பலகை தொங்குகிறது.

கட்டணம் என்று எங்களிடம் கேட்டது கட்டுமானச் செலவில் 7 சதவீதம். 36 லட்சம் செலவு என்று வைத்தால் 2,52,000. மாமனார் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. எனக்குத் தொகையைவிட சதவீதம் என்பதுதான் இடித்தது. நான் விலை கூடின கிரானைட் வாங்கினால் அவர் கட்டணமும் ஏறுமே! பேசி, மொத்தமாக ஒரு தொகை என்று முடித்தோம். கம்பிக் கணக்கு ஆர்க்கிடெக்டின் வேலை அல்ல, அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் தனியாகப் பணம் தர வேண்டும், இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

பணத்துக்கு என்ன கிடைத்தது? இன்ஜினியர் கொடுத்தது இரண்டு தாள், இவர் கொடுத்தது முப்பதுக்கும் மேல். ஸ்விட்ச் எந்த உயரத்தில், வாஷிங் மெஷின் குழாய் எங்கே, படியின் ஒவ்வொரு ஏற்றமும் எத்தனை அங்குலம் என்று எல்லாம் அதில் இருந்தது. பூச்சு முடிந்த சுவரை பைப்புக்காக ஒரு இடத்தில்கூட நாங்கள் உடைக்கவில்லை. மேற்குப் பக்கம் மாடிப்படியையும் பாத்ரூம்களையும் தள்ளி வெயிலை அவற்றின் தலையில் கட்டினார். தெற்கில் ஜன்னல், நேர் எதிரே வடக்கில் ஜன்னல், காற்று குறுக்கே ஓடட்டும் என்று. அக்னி மூலையில் அடுக்களை வேண்டும் என்ற அம்மாவின் பேச்சுக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை.

அவர் சொல்லி நடக்காமல் போனதும் உண்டு. திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில் மாடிச் சுவரை எழுப்பலாம் என்றார். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே இடைவெளி விடும் முறை அது, கால்வாசிக் கல் மிச்சமாகும், சூடும் அவ்வளவாக உள்ளே இறங்காது. எங்கள் மேஸ்திரி "ஓட்டைக்குள்ள பாம்பு குடியிருக்கும் சார்" என்று முடித்துவிட்டார். பேக்கர் தளத்திலேயே நின்று கொத்தனார்களோடு வேலை செய்தவர். நம் ஆர்க்கிடெக்ட் மாதம் ஒருமுறை காரில் வருபவர். உள்ளூர்க் கைக்குப் பழக்கமில்லாததை வரைந்தால், மிச்சம் பிடித்த கல்லின் காசு கூலியில் போய்விடும்.

கடைசியில் ஆர்க்கிடெக்டிடம் வரைபடம், ஸ்ட்ரக்சுரலுக்குத் தனி ஆள், மேஸ்திரிக்குக் கூலி காண்ட்ராக்ட் என்று பிரித்துக்கொண்டேன். வரைபவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர் என்றானதும் தூணை ரசமட்டம் வைத்துப் பார்க்கும் பழக்கம் மேஸ்திரிக்கே வந்துவிட்டது. நான் செய்த தப்பு, மேற்பார்வைக் கட்டணத்தை மிச்சம் பிடித்தது. நான் ஆபீஸில் இருந்த ஒரு நாளில் மாடி அறையின் வடக்கு ஜன்னலை மேஸ்திரி எடுத்தேவிட்டார். "கப்போர்டு வைக்க இடம் வேணும்ல சார்." அந்த அறைக்கு மட்டும் இப்போது ஏசி போட்டிருக்கிறோம்.

பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இத்தனை அலசல் வேண்டாம். தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடாக இருந்தால், ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும், "தூக்கிடலாம் சார்" என்ற வார்த்தையை நம்பிக் கடப்பாரையைக் கொடுக்காதீர்கள். நான் கேட்ட பேக்கேஜ்காரர்கள் இந்த வேலையையே தொடவில்லை.

யாரைப் பிடித்தாலும் அவர் கட்டி நாலைந்து மழை பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், புதுசாக மின்னுகிற போட்டோ வேண்டாம். அங்கே போனால் அவரை வெளியே நிறுத்திவிட்டு, ஐப்பசியில் எந்தச் சுவர் ஊறுகிறது, மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள்.