மலைக்காற்றில் பல்ஸ் ஜெட்: வால்வு உள்ளதா, வால்வு இல்லாததா?

வீட்டுப் பட்டறையிலேயே செய்து ஓட்டிவிடக்கூடிய ஜெட் எஞ்சின் ஒன்று உண்டென்றால் அது பல்ஸ் ஜெட்தான். அதில் சுழலும் டர்பைன் இல்லை, காற்றை அழுத்தும் கம்ப்ரெசர் இல்லை, பேரிங் இல்லை, எண்ணெய் விடவேண்டிய இடம்கூட இல்லை. சரியான அளவில் வெட்டி வெல்டு வைத்த எஃகுக் குழாயும் எரிபொருளும் தொடக்கத்தில் ஒரு தீப்பொறியும் இருந்தால் போதும். ஆனால் எந்த வகையைச் செய்வது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை கடல்மட்டத்தை ஒட்டி வாழ்பவர்கள் தங்கள் காற்றை வைத்துச் சொன்னவை. ஏறத்தாழ 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரிலும் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலும் அந்த விடைகளை அப்படியே நம்பி இரும்பு வாங்கப் போகக்கூடாது என்பதே இந்த அலசலுக்குக் காரணம்.

இரண்டு வகைக்கும் அடிப்படை ஒன்றே. எரிஅறையில் காற்றும் எரிபொருளும் கலந்து பற்றிக்கொள்கின்றன. விரிந்த வாயு நீண்ட பின்குழாய் வழியாக வேகமாக வெளியேறுகிறது. அப்படி ஓடும் வாயுவுக்கு எடை இருப்பதால் அது உரிய இடத்தில் நின்றுவிடுவதில்லை. உந்தத்தில் இன்னும் கொஞ்சம் வெளியே போய்விட, அறைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்பக்கத்திலிருந்து புதிய காற்று நுழைகிறது, பின்குழாயிலிருந்து சூடான வாயுவின் ஒரு பகுதியும் திரும்பி வருகிறது, திரும்பி வந்த சூடே புதிய கலவையைப் பற்றவைக்கிறது. ஓடத் தொடங்கியபின் ஸ்பார்க் பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் எஞ்சின் நிற்காததற்கு இதுவே காரணம். காலி பாட்டிலின் வாயில் ஊதும்போது அதன் அளவுக்கேற்ற ஒலி எழுவதைப் போல, இந்தக் குழாயும் தன் நீளத்துக்கேற்ற தாளத்தில்தான் துடிக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை இயக்கிய ஆர்கஸ் எஞ்சின் ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம். நொடிக்கு 45 முறை அளவில் துடித்தது. போருக்குப் பின் மாதிரி விமானங்களுக்காக அமெரிக்காவில் வந்த டைனாஜெட் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். அது நொடிக்கு 200 முறைக்கும் மேல் துடிக்கிறது.

இரு வகைகளும் பிரியும் இடம், வெடிப்பின்போது முன்வாசலை யார் மூடுவது என்பதில் இருக்கிறது. வால்வு உள்ள வகையில் மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு அந்த வேலையைச் செய்கிறது. வால்வு இல்லாத வகையில் வாசல் மூடப்படுவதே இல்லை. உள்ளிழுக்கும் குழாய்க்குக் கொடுத்த நீளமும் குறுக்களவுமே வாயுவைத் தாமதப்படுத்தித் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு யோசனைகளும் கடந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிரான்சில் கிட்டத்தட்ட அடுத்தடுத்துத் தோன்றியவை.

வால்வு உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எண்களை மட்டும் பார்த்தால் அதுவே வெல்லும். டைனாஜெட்டின் எடை ஏறத்தாழ 450 கிராம். கடல்மட்டத்தில் அது தரும் உந்துவிசை ஏறத்தாழ 2 கிலோ. தன் எடையைப் போல நான்கு மடங்குக்கும் மேல் தள்ளும் எஞ்சினை, நகரும் உறுப்பாக ஒரே ஒரு தகட்டை வைத்துக்கொண்டு சாதித்திருப்பது சாதாரண விஷயமன்று. ஆனால் பலவீனமும் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் ரீட் வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அதையே பூவிதழ்களாக வெட்டி, நெருப்புக்கு நேர் எதிரே நிறுத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். தடிமன் 0.15 மில்லிமீட்டர் அளவு. நொடிக்கு 225 முறை மடங்கினால் பத்து நிமிடத்தில் 1,35,000 முறை மடங்கியிருக்கும். ஓடி முடித்த வால்வைக் கையில் எடுத்தால் இதழின் அடிப்பகுதி புதிதுபோலவே பளபளக்கும். நுனியோ நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி, விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, சில இடங்களில் மயிரிழைப் பிளவு உள்நோக்கி ஓடியிருக்கும். அந்தப் பிளவு தெரிந்தபின் அதே வால்வை மறுபடியும் பூட்டுவது வீண்வேலை. வீட்டில் வெட்டிய வால்வு சில நிமிடங்களே உழைக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரே வார்ப்புருவில் பல இதழ்த்தகடுகளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வு இல்லாதவற்றில் இரண்டு வடிவங்கள் பட்டறைக்காரர்களிடையே பரவலாக இருக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் ஹில்லர் நிறுவனத்தில் 1960களில் ரேமண்ட் லாக்வுட் மேம்படுத்திய வடிவம்: முழு எஞ்சினும் கொண்டைஊசி வளைவாக மடிந்து, உள்ளிழுக்கும் குழாயும் பின்குழாயும் ஒரே திசையைப் பார்க்கும். வாசல் திறந்தே இருப்பதால் வெடிப்பின் ஒரு பகுதி முன்பக்கமாகவும் பீறிடும். அதையும் பின்னோக்கித் திருப்பிவிட்டால் அதுவும் உந்துவிசையாகிவிடும் என்பதே மடிப்பின் நோக்கம். மற்றொன்று சீன வடிவம் என்று அழைக்கப்படுவது: நேரான குழாய், எரிஅறையின் பக்கவாட்டில் பின்னோக்கிச் சாய்ந்த உள்ளிழுகுழாய். லாக்வுட் வடிவத்தின் வளைவைச் சுருக்கமின்றி வளைப்பது சைலன்சர் வேலை செய்பவர்களுக்கே சவால் என்பதால், முதல் முயற்சிக்குச் சீன வடிவம் எளிது. இரண்டுமே ஒரே உந்துவிசைக்கு வால்வு எஞ்சினைவிட நீளமானவை, கனமானவை. பதிலாக, தேய்ந்து உடைய ஒன்றுமில்லை. எரிபொருள் தீரும்வரை ஓடும்.

இனி மலைக்கணக்கு. 30 டிகிரி வெயிலில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.12 கிலோ எடையிருக்கும். 20 டிகிரியில் குன்னூரில் அது ஏறத்தாழ 0.96 கிலோ, 15 டிகிரியில் ஊட்டியில் 0.93 கிலோ. குளிர்ச்சி கொஞ்சம் ஈடுகட்டினாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தியில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. உந்துவிசையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். கீழே 2 கிலோ தள்ளிய எஞ்சின் மேலே 1.65 கிலோவைத் தாண்டினால் மகிழ்ச்சியடையலாம். இந்த இழப்பு இரண்டு வகைக்கும் பொது. ஆனால் வாயுவில் ஒலி செல்லும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அழுத்தத்தைப் பொறுத்ததன்று. குழாய்க்குள் தீயின் வெப்பம் மாறாதவரை துடிப்பின் தாளமும் மாறாது. அதனால்தான் காதுக்கு எஞ்சின் நன்றாகவே ஓடுவதுபோல் கேட்கும், தராசு மட்டும் குறைத்துக் காட்டும்.

பொதுவான இழப்பைத் தாண்டி வால்வு எஞ்சினை மட்டும் தாக்கும் ஒன்று இருக்கிறது. இதழைத் திறப்பது அறைக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு. காற்று மெலிந்தால் அந்த வேறுபாடும் அதே விகிதத்தில் மெலியும். எஃகின் விறைப்போ மேட்டுப்பாளையத்தில் இருந்ததேதான். விளைவாக இதழ் முழுதாகத் திறப்பதில்லை, ஏற்கெனவே குறைவான காற்றில் இன்னும் குறைவாகவே உள்ளே வருகிறது. மெல்லிய தகட்டுக்கு மாறினால் திறப்பு சரியாகும், ஆயுள் இன்னும் சுருங்கும். வால்வு இல்லாத எஞ்சினில் விறைப்பு என்று ஒன்றே கிடையாது. அதன் வடிவமைப்பு முழுவதும் நீளங்களும் பரப்புகளும்தான், அவை மலையேறினால் மாறுவதில்லை. என் தீர்ப்பு மலைக்கு வால்வு இல்லாததன் பக்கம் சாய்வதற்கு முதன்மையான காரணம் இது. பராமரிப்பு வசதி இரண்டாவதுதான்.

கலவை விகிதத்திலும் வேறுபாடு உண்டு, இங்கே தீர்ப்பு அவ்வளவு நேரானதன்று. டைனாஜெட் பாணி எஞ்சின் உள்ளே வரும் காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. காற்று மெலியும்போது உறிஞ்சலும் கொஞ்சம் குறைவதால் பெட்ரோலும் குறையும், ஆனால் காற்று குறைந்த அளவுக்குக் குறையாது. ஊட்டியில் கலவை ஏறத்தாழ பத்து விழுக்காடு எரிபொருள் மிகுந்ததாகிவிடும். கார்புரேட்டர் காலத்து ஜீப்புகள் கல்லாறு தாண்டி ஏறும்போது கரும்புகை கக்கியதும் இதே கணக்கில்தான். வால்வு இல்லாத எஞ்சினுக்குப் பெரும்பாலும் வாயு எரிபொருள் தனி அழுத்தத்தில் ஊட்டப்படுகிறது. ரெகுலேட்டரைச் சமவெளியில் திருகி வைத்த அளவிலேயே விட்டால் எரிபொருள் குறைவதே இல்லை, எனவே மிகை இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனால் திருகைக் கையால் கொஞ்சம் மூடினால் சரியாகிவிடும். டீ ஃபாக்டரியில் டிரையர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர் ஒருமுறை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "கேஸ் ஜாஸ்தியா போகுதுங்க சார், கொஞ்சம் இறக்குங்க" என்றார். இறக்கியதும் பின்குழாயின் வாயில் ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் தீ உள்ளே போய், குழாயின் செம்மை எரிஅறைப் பக்கமாக நகர்ந்தது.

அதே வாயு எரிபொருள்தான் குளிரில் வால்வு இல்லாத எஞ்சினின் காலை வாரிவிடுகிறது. நம் எல்பிஜி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூச்சிய டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிக் காலைப்பொழுதில் சிலிண்டரில் எடை நிறைய இருந்தும் அழுத்தம் எழாது. பல்ஸ் ஜெட்டின் பசி வேறு பெரியது: ஒரு கிலோ உந்துவிசைக்கு மணிக்கு 2 முதல் 3 கிலோ எரிபொருள் என்று வைத்தால், 4 கிலோ தள்ளும் எஞ்சின் மணிக்கு 10 கிலோ வேகத்தில் எரிக்கும். அவ்வளவு திரவம் ஆவியாக ஏறத்தாழ 1 கிலோவாட் வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டர் சுற்றியுள்ள குளிர்காற்றிலிருந்துதான் பெறவேண்டும். சில நிமிடங்களில் சிலிண்டரின் அடிப்பகுதி வெண்பனி பூத்துவிடும், எஞ்சின் திணறி நிற்கும். சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது விதிப்படி தவறு. அதன் ரெகுலேட்டர் தரும் மிகக் குறைந்த அழுத்தமும் இதற்குப் போதாது. வணிகச் சிலிண்டருடன் உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் சிலிண்டரை நிறுத்தலாம், ஆனால் தீயால் சூடாக்குவதோ தலைகீழாகக் கவிழ்ப்பதோ கூடாது. இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு சிறு டப்பா பெட்ரோலில் ஓடிவிடுவது வால்வு எஞ்சினுக்கு நியாயமாகக் கொடுக்கவேண்டிய மதிப்பெண்.

செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வால்வு எஞ்சினுக்கு லேத் வேலை வேண்டும், வால்வுத் தலையின் பரப்பு துல்லியமாகத் தட்டையாக இருக்கவேண்டும். வால்வு இல்லாததற்குத் தகடு உருட்டுவதும் கூம்பு வளைப்பதும் டிக் வெல்டிங்கும் போதும்; கோயம்புத்தூரில் லேசரில் வெட்டி வாங்கி வந்து இங்கே பற்றவைத்துக்கொள்ளலாம். சாதா இரும்பு செதில் செதிலாக உதிரும். 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகும் விட்டுவிட்டுச் சூடேறும்போது 870 டிகிரி அளவில் எல்லையைத் தொட்டுவிடுகிறது, எரிஅறையோ ஆரஞ்சு நிறத்துக்குப் போகக்கூடியது. அறைக்கு மட்டுமாவது இன்னும் கூடுதல் வெப்பம் தாங்கும் 310 வகை வாங்குவது செலவுக்குத் தகும்.

எதையும் செய்யுமுன், ஓடும் பல்ஸ் ஜெட் ஒன்றை அருகில் பார்க்க விரும்புபவர்கள் கொசுப்புகை அடிக்க வரும் தோள்பட்டை இயந்திரத்தைக் கவனிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பல்ஸ் ஜெட்தான். கைப்பம்பால் பெட்ரோல் தொட்டிக்கு அழுத்தம் ஏற்றுவது, பேட்டரியில் ஸ்பார்க் கொடுப்பது, படபடவென்று பிடித்துக்கொண்டதும் ஸ்பார்க்கை நிறுத்துவது என எல்லா நடைமுறையும் கண்முன்னே நடக்கும். அதிலும் மெல்லிய தகடு வால்வு உண்டு, ஆனால் அது தீயிலிருந்து தள்ளி, கார்புரேட்டரின் குளிர்ந்த பக்கத்தில் இருப்பதால் எளிதில் கருகுவதில்லை. உந்துவிசையை விட்டுக்கொடுத்து வால்வின் ஆயுளை வாங்கிய நடுவழி அது. வீட்டுப் பட்டறைக்காரர்கள் இந்த வழியை ஏன் அதிகம் முயல்வதில்லை என்பது எனக்கு வியப்பே.

சத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அருகில் 120 டெசிபலைத் தாண்டும். காதடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போட்டே நிற்கவேண்டும். வால்வு எஞ்சின் கீச்சென்ற உச்சத்திலும், நீண்ட வால்வில்லாக் குழாய் நெஞ்சில் அதிரும் தாழ்ந்த சுருதியிலும் அலறும். தாழ்ந்த சுருதிதான் பள்ளத்தாக்கில் அதிக தூரம் போகும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் பகல் வரம்பு 55 டெசிபல். கூடலூர், மசினகுடிப் பக்கம் யானை நடமாட்டத்தின் ஓரத்திலோ, கோத்தகிரியில் காட்டெருமை மேயும் தேயிலைச் சரிவிலோ இதை ஓட்ட நினைப்பதே தவறு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் அக்கம்பக்கத்தில் தொடர்வெடிச் சத்தம் எழுப்பினால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. குளிருக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் ஓட்டுவது இன்னும் மோசம், மிகைக் கலவையில் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். காய்ந்த புல் நிற்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெளியிலும் வேண்டாம்.

ஆகவே குன்னூரிலோ ஊட்டியிலோ இருக்கும் கல்லூரி மாணவர் செயல்முறைத் திட்டத்துக்காகக் கேட்டால் சீன வடிவத்தைச் சொல்வேன்: 310 எரிஅறை, வணிகச் சிலிண்டர், மழை நின்றபின் வெயிலேறிய பகலில் சோதனை. மாதிரி விமானத்தில் பூட்டிப் பறக்கவைக்க நினைப்பவருக்கு வால்வு எஞ்சினைத் தவிர வேறு வழியில்லை. அவர் அதைச் சமவெளியில் சரிசெய்து, சமவெளியிலேயே பறக்கவிடுவது நல்லது. மேலே கொண்டுவந்துதான் ஆகவேண்டுமென்றால் ஒரு படி மெல்லிய தகட்டில் வெட்டிய இதழ்களையும், ஒரு படி சிறிய துளையுள்ள பெட்ரோல் முனையையும் பெட்டியில் எடுத்து வரட்டும்.