36,000 ரூபாயும் ஓர் ஈயச் சொம்பும்

மூன்று வாரம் சென்னையில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். விமானம், வங்கி, ஆதார், பல் மருத்துவர் எல்லாம் அதது நடந்தது. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு சொம்பைப் பற்றி.

மேற்கு மாம்பலத்தில் அம்மா இருக்கும் அடுக்குமாடி 1986-இல் கட்டியது. பன்னிரண்டு வீடுகள். இடித்துக் கட்டப் போகிறார்கள். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றாகிவிட்டது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட பிறகு பத்தாவதாக அம்மா போட்டாள். அதாவது, அவள் போடாவிட்டாலும் நடந்திருக்கும். அதை இன்றுவரை பெருமூச்சோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை வாடகை வீடு. முப்பத்தெட்டு வருடம் மூன்று பரண்களிலும் நான்கு பீரோக்களிலும் சேர்ந்ததை, பரணே இல்லாத இரண்டு அறைக்குள் அடக்க வேண்டும். டல்லாஸில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான்: எல்லாவற்றையும் தூக்கிப் போடு. அவனுக்கென்ன, அவன் வீட்டுக் கராஜில் கார் மட்டும்தான் இல்லை.

நான் முதல் நான்கு நாள் முயன்று பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு சண்டை. மூடி இல்லாத எவர்சில்வர் தூக்கைக் கையில் எடுத்து இது எதற்கு என்றால், மூடி எங்கேயோ இருக்கிறது என்பாள். மூடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அது வேறு தூக்கின் மூடி என்பாள். ஐந்தாம் நாள் காலை ஹோம் ஆர்கனைசர் ஒருவரைப் பிடித்தேன். மூன்று நாள் வேலை, உதவிக்கு இரண்டு பெண்கள், கூலி 36,000 ரூபாய். பிளாஸ்டிக் டப்பாக்களுக்குத் தனியாக 7,400. வீட்டை ஒழிக்க ஆள் வைத்துப் பணமா என்று அம்மா அரை நாள் பேசவில்லை. முன்பெல்லாம் போகிதான் எங்கள் ஆர்கனைசர். காசு கேட்காது, கேள்வியும் கேட்காது, விடியற்காலையில் புகையாகப் போய்விடும்.

முதல் இரண்டு நாளும் அந்த ஆர்கனைசர் பெண் செய்ததைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். முப்பது வயதுதான் இருக்கும். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பீரோவை நான் தொடக் கூடாது, அண்ணன் தொடக் கூடாது. இந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. “இதை எப்போது போட்டுக்கொள்வார் அம்மா?” என்று மட்டும் கேட்டார். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். இது ஆபீசுக்கு, இது காஞ்சிபுரம் கல்யாணத்துக்கு எடுத்தது, இது பை கிழிந்து நான் தைத்தது. ஒரு மணி நேரத்தில் சட்டைகள் தாமாகவே இரண்டு குவியலாகப் பிரிந்துவிட்டன. ஒன்பது சட்டைகள் வாட்ச்மேனுக்குப் போயின. மறுநாள் அவர் நீலக் கட்டம் போட்ட சட்டையில் கேட்டருகே நின்றார். அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, தையற்காரரிடம் கொடுக்கச் சொல் என்றாள். அவ்வளவுதான். நான் தயாராக வைத்திருந்த ஆறுதல் எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இதே வேலையைச் சிங்கப்பூரில் யாராவது செய்தால் சதுர அடியைத்தான் முதலில் பேசுவார்கள். அங்கே எங்கள் வீட்டில் பரண் கிடையாது. 1998-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட குண்டுத் தடுப்பு அறைதான் எங்கள் பரண். இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் பார்க்க வேண்டியதில்லை. சாத்தி வைக்கக் கதவு இல்லாத ஊரில் எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்கு இரும்புக் கதவு, எனக்கு மனசு என்றாள்.

கொலுப் பொம்மைகளுக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின்னில் பழைய ஆயிரம் ரூபாய் நோட்டுகள் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு நோட்டுகள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு செல்லாமல் போனவை. யாருக்கோ மொய் எழுதப் பதினொன்றாக எடுத்து வைத்து, எடுத்து வைத்ததையே மறந்திருக்கிறாள். அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு 2017 ஜூன் 30 வரை ரிசர்வ் வங்கியில் மாற்றிக்கொள்ளச் சலுகை இருந்தது. அம்மா வெளிநாட்டிலும் இல்லை, நோட்டும் நினைவில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2017-இல் வந்த சட்டப்படி ஒருவர் பத்து நோட்டுகள் வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் வைத்திருந்தால் அபராதம். ஆராய்ச்சிக்கு, நாணயச் சேகரிப்புக்கு என்றால் இருபத்தைந்து வரை. ஒன்று அதிகமாக இருக்கிறதே அம்மா என்றேன். நான் ஆராய்ச்சிக்குத்தான் வைத்திருக்கிறேன் என்றாள்.

இனி, மூன்றாம் நாள்.

சமையலறை அன்றைக்குத்தான். நான் தி.நகரில் வங்கி வேலையாகப் போயிருந்தேன். துரைசாமி சுரங்கப்பாதைக்குள் ஆட்டோவில் உட்கார்ந்தபடி நாற்பது நிமிடம் கழிந்தது. அம்மா மதியம் கண்ணயர்ந்துவிட்டாள். திரும்பி வந்தபோது சமையலறை பத்திரிகைப் படம் போல இருந்தது. ஒரே அளவு டப்பாக்கள், ஒரே வெள்ளைப் பட்டையில் ஆங்கிலத்தில் பெயர்கள். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டிய நிலையில் அம்மா இல்லை. எழுத்தும் கடுகளவு; அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும், கண்ணாடி போட்டால் பருப்பே தெரிந்துவிடும். இருந்தாலும் அழகாக இருந்தது, மறுக்கவில்லை. மீதிக் கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணி. அம்மா புளியைக் கரைத்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் கையை நீட்டினாள். முப்பத்தெட்டு வருடமாக அந்த இடத்தில்தான் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இருக்கும். கையில் ஓட்ஸ் டப்பா வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த தேடலை விவரித்தால் பொறுமை இழப்பீர்கள். மேலடுக்கு, கீழடுக்கு, கட்டி வைத்த பெட்டிகள், பால்கனி. ஒழுங்காக அடுக்கிய வீட்டில் ஒரு பொருளைத் தேடுவது கலைந்த வீட்டில் தேடுவதைவிடக் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கலைந்த வீட்டில் எங்கும் இருக்கலாம் என்ற நம்பிக்கையாவது இருக்கும்.

எட்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “அது ஈயம் அக்கா. ஈயம் விஷம் இல்லையா? வயதானவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று எடைக்குப் போட்டுவிட்டோம்.”

அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். அதுதான் எனக்குக் கோபம். திருடியிருந்தால் திட்டலாம்.

காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. விஷம் காரீயம். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, அதே உலோகம். காரீயம் கலந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எங்கள் பாட்டி தெரிந்த கடை தவிர வேறு எங்கும் வாங்க மாட்டாள். இந்தச் சொம்பு அவள் கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்தது. நான் ஆறாவது படிக்கும்போது, சொம்பில் எதுவும் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோ கேட்கப் போய்விட்டேன். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அலுமினியத்துக்கு 660 வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்தது. திரும்பி வந்தபோது அடிப்பக்கம் ஒரு ஓரம் மெழுகு போல இளகி வழிந்திருந்தது. அன்று வாங்கிய அடியும் அந்த வடுவும் இன்னும் இருக்கின்றன, சொம்பில் வடு மட்டும்.

அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, புளித் தண்ணீரை மூடி வைத்துவிட்டு, கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிங்கப்பூராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குப்பைக் குழாயில் போட்டது நேரே எரி உலைக்குப் போகும், எரிந்த சாம்பல் படகேறிச் செமக்காவ் தீவுக்குப் போகும். பழைய சாமான் வாங்க ஹாரன் அடித்துக்கொண்டு வரும் கரங் கூனிக்காரர் இருக்கிறார்தான், அந்தக் கூனியும் காதுக்கு நம் கோணி போலத்தான் கேட்கிறது. ஆனால் அவர் யார், எங்கே கொண்டுபோகிறார் என்று எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியாது. மாம்பலத்தில் பழைய பேப்பர்காரருக்குக் கடை இருக்கிறது, கடைக்கு வாசல் இருக்கிறது, வாசலில் அம்மாவுக்கு இருபது வருடப் பழக்கம் இருக்கிறது. தராசை அழுத்துகிறார் என்று மாதாமாதம் அவரோடு சண்டை போடுவாள், வேறு யாரிடமும் போடவும் மாட்டாள்.

கடையில் கட்டுக் கட்டாக நாளிதழ், அதன் பக்கத்தில் அட்டைப்பெட்டி, அதற்கும் பின்னால் அலுமினியக் குவியல். நான் குவியலைக் கிளற ஆரம்பித்தேன். அவர் டீ குடித்துக்கொண்டே, “அதில் இருக்காது அக்கா” என்றார். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது சொம்பு.

நேற்று மூட்டையை இறக்கும்போதே கனம் இடித்திருக்கிறது. இந்த அளவு அலுமினியம் இவ்வளவு கனக்காதாம். வெள்ளீயம் அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனம்; அவர் அதைக் கையால் தெரிந்துகொண்டிருக்கிறார். சந்தேகம் தீர இன்னொன்றும் செய்ததாகச் சொன்னார். எனக்கும் செய்து காட்டினார். சொம்பின் விளிம்பை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்துக் காதருகே கொண்டுவந்து மிக மெல்ல அழுத்தினார். கிறீச்சென்று, எலி பல்லைக் கடித்தது போல ஒரு சின்னச் சத்தம். “வெள்ளீயம் அழும். வேறு எதுவும் இப்படி அழாது” என்றார். விளிம்பை மறுபடி நேராக்கித் துணியால் துடைத்தார். இதன் விலை தெரிந்த யாரும் எடைக்குப் போட மாட்டார்கள், எப்படியும் அம்மா வருவார்கள் என்று தனியாக வைத்தாராம்.

எவ்வளவு என்றேன். முக்கால் கிலோ, நேற்று அலுமினியக் கணக்கில் 90 ரூபாய் கொடுத்தேன், அதையே கொடுங்கள் என்றார். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. அம்மாவிடம் தராசைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

36,000 வாங்கிய பெண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது என்று அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மாதான் நிறுத்தினாள். பேப்பர்காரரை அப்பாவின் பீரோ முன்னால் உட்கார வைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டாள். எடை போட்டிருப்பார்.

அந்தப் பெண் மாலையில் தானாகவே வந்தார். மன்னிப்புக் கேட்டார், கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டு, சொம்பை அவர் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னாள். சத்தம் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு எனக்கும் கோபம் தணிந்துவிட்டது. அடுத்த வீட்டில் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன் என்றார்.

ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஆள் வையுங்கள் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூர்க் கணக்கில் ஐந்நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. நான்கு நாளில் நானும் அம்மாவும் போட்ட சண்டைக்கு அது மலிவு. துணி, படுக்கை, பொம்மை, கல்யாணப் பத்திரிகைக் குவியல் எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிடலாம். நாம் கேட்டால் எரிச்சலாகும் கேள்வி, வெளி ஆள் கேட்டால் பேச்சாகிறது. சமையலறைக்கும் தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது இருக்கும் அலமாரிக்கும் மட்டும் பக்கத்திலேயே உட்காருங்கள், வங்கிக்குப் போகாதீர்கள். கழித்த எதுவும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரி கூடத்தில் கிடக்கட்டும். பெயர்ப்பட்டை வேண்டாம் என்று சொன்னால் மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு பீரோவே முடிந்துவிடும். அம்மா எல்லா டப்பாக்களையும் பட்டை சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்துவிட்டாள்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சாமான் ஏற்றும் லாரி வந்தது. நாற்பத்தொரு பெட்டிகள். அம்மா எல்லாவற்றையும் ஏற்றவிட்டு, ஆட்டோவில் என் பக்கத்தில் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்தாள். பைக்குள் சொம்பு. சொம்புக்குள் ஏதோ காகிதம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன், ஆயிரம் ரூபாய் நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பத்து.

பதினோராவது எங்கே என்று நான் கேட்கவில்லை.