ஆன்டிஎக்ஸ் 23: பரணில் கிடக்கும் லேப்டாப்பில் போடலாமா?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று போனால் பழைய கம்ப்யூட்டர் இல்லாத தெரு குறைவு. தமிழ்நாட்டுப் பக்கம் 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப். கேரளப் பக்கம் கோர் 2 டுவோ டெஸ்க்டாப், ஆட்டம் நெட்புக். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடும் ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் கேட்கும். இந்த மெஷின்களில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது.

மிஞ்சும் வழி, விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. கேரளப் பள்ளிகளில் அம்மாநில அரசின் கைட் நிறுவனம் தரும், உபுண்டு லினக்ஸின் வழிவந்த சிஸ்டத்தில்தான் ஐடி பாடமே நடக்கிறது. ஆனால் அது 4 ஜிபி ரேமாவது இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். 2 ஜிபி மெஷினில் மெனு திறப்பதற்குள் பொறுமை போய்விடும். அந்த இடத்துக்கு ஏற்றது ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ். டெபியன் 12 என்ற லினக்ஸின் மேல் கட்டியது, பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இல்லாதது, ஐஸ்டபிள்யூஎம் என்ற மெலிந்த டெஸ்க்டாப்போடு வருவது. பூட் ஆகி நிற்கும்போது 200 எம்பி சுற்றளவில்தான் ரேம் பிடிக்கிறது. டைப்பிங், பில், பிடிஎஃப், பாட்டு இதற்கெல்லாம் நிறைவு. பிரவுசரைத் திறந்ததும் கதை மாறும், அதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்று முடிவு செய்ய வேண்டும். கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த கோர் வரிசையும் 64 பிட். '2' இல்லாத வெறும் கோர் டுவோவும், நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270உம் 32 பிட் மட்டுமே. இறக்க வேண்டியது 'ஃபுல்' பதிப்பு. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், வைஃபை ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) எல்லாம் அதிலேயே இருக்கும். 'கோர்', 'நெட்' பதிப்புகள் தெரிந்தவர்களுக்கானவை.

பென்டிரைவ் 4 ஜிபி போதும். சந்தைக் கடையில் 64 ஜிபி என்று எழுதி மலிவாக விற்பதை வாங்காதீர்கள். உள்ளே சிறிய, தரமில்லாத சிப் இருக்கலாம், எழுதி முடிந்ததாகக் காட்டிவிட்டு பூட்டில் பாதியில் நிற்கலாம். இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலின் செக்சம்மை, அதாவது ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் குறியீட்டை, சரிபார்த்த பிறகே எழுதுங்கள். மொபைல் டேட்டாவில் இறக்கிய ஃபைல் கெட்டிருந்தால், அந்தப் பிழை பின்னால் ஹார்டிஸ்க் கோளாறு போல வேஷம் போடும். விண்டோஸிலிருந்து எழுதுபவர்களுக்கு ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். பழைய பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) உள்ள மெஷின் என்றால் ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையாக எம்பிஆரைத் தேர்ந்தெடுங்கள். பூட் நடுவில் நின்றால் ரூஃபஸின் டிடி மோடில் மறுபடி எழுதிப் பாருங்கள். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் பல பழைய போர்டுகள் பூட் சமயத்தில் பென்டிரைவைப் பார்க்காது. கறுப்பு போர்ட்டில் செருகுங்கள்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் மெனுவுக்கு எந்த பட்டனை அமுக்குவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அமுக்கி எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் எஃப்2 வழியாக உள்ளே போய் 'எஃப்12 பூட் மெனு' வரியை எனேபிள் செய்யாதவரை பல மாடல்களில் அந்த பட்டன் செத்தது போலவே கிடக்கும். பூட் மெனுவில் பென்டிரைவ் சில சமயம் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புது முறை) என்று இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையில்தான் இன்ஸ்டாலும் நடக்கும். கீழே எஃப்1, எஃப்2 என்று பட்டன் வரிசை ஓடும் திரை வந்தால் பழைய பயாஸ் முறை, வெறும் கிரப் (லினக்ஸைக் கிளப்பிவிடும் சிறு மென்பொருள்) மெனு வந்தால் யுஇஎஃப்ஐ. இதைக் கவனிக்காமல் ஒரு முறையில் இன்ஸ்டால் செய்துவிட்டு மறு முறையில் பூட் செய்யப் பார்ப்பதுதான் 'போட்டேன், வரவில்லை' என்பதில் பெரும்பாதி.

நம்பகமானதாகக் குறித்த சிஸ்டத்தை மட்டுமே பூட் ஆகவிடும் செக்யூர் பூட் ஆன்டிஎக்ஸுக்கு ஆகாது, அணைத்தே தீர வேண்டும். இங்கேதான் ஏசர் லேப்டாப்புகள் மனுஷனைப் படுத்துகின்றன. செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும். செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் அது திறக்கும். அந்தப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மறந்தால் பயாஸுக்குள் நுழையவே முடியாது, சர்வீஸ்காரர் கையில்தான் போய் முடியும். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், ஹார்டிஸ்கில் எல்லாம் இருக்கிறது. ஃபர்ம்வேர் தனக்குத் தெரிந்த ஃபைலை மட்டுமே நம்புகிறது. மறுபடி செக்யூரிட்டி பக்கம் போய், யுஇஎஃப்ஐ ஃபைலை நம்பகமானதாகத் தேர்ந்தெடுக்கும் வரியைத் திறந்து, ஹார்டிஸ்க், இஎஃப்ஐ, ஆன்டிஎக்ஸ் ஃபோல்டர் என்று இறங்கி கிரப் ஃபைலைச் சேர்க்க வேண்டும். சில மாடல்களில் செக்யூர் பூட்டை ஆன் செய்தால்தான் இந்த வரியே உயிர் பெறும். ஆன் செய்து, சேர்த்து, சேவ் செய்து, திரும்ப வந்து ஆஃப் செய்து, பூட் வரிசையில் புதிய பெயரை மேலே ஏற்றுங்கள். சில எச்பி மாடல்களுக்கு வேறு வியாதி: மைக்ரோசாஃப்ட் ஃபைலையும் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் 'பூட்' ஃபோல்டரையும் தவிர வேறெங்கும் பார்க்காது. கிரப் ஃபைலை அந்த 'பூட்' ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் காப்பி செய்தால் தீர்ந்தது.

திரை கறுத்து நின்றால் பூட் மெனுவில் சேஃப் வீடியோ வழியை எடுங்கள், அல்லது பூட் வரியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேருங்கள். 64 பிட் பதிப்பில் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் இரண்டு உண்டு: 6.1 கெர்னலோடு பழைய 5.10 கெர்னலும் வருகிறது. பழைய கிராஃபிக்ஸ் சிப்புகள் பலவற்றுக்கு 5.10 தான் ஒத்துப்போகும். பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ்வில் நுழைய யூசர் டெமோ, பாஸ்வேர்டு டெமோ. நிர்வாகி கணக்கான ரூட்டுக்குப் பாஸ்வேர்டும் ரூட்.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி இறங்கியிருந்தால் தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கும். அப்போது ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை என்னும். அப்டேட் போட்டால் ரெப்போ (மென்பொருள் இறங்கும் சர்வர்) ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்னும். நெட் கோளாறு என்று நினைத்து ரூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். டெஸ்க்டாப் என்றால் சிஆர்2032 வாட்ச் பேட்டரி ஒன்று மாற்றினால் போதும். லேப்டாப்பில் ஒயர் கோத்த பேட்டரி கீபோர்டுக்கு அடியில் இருக்கலாம், கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வைஃபை தெரியவில்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள், அநேகமாக உடனே நெட் வரும். பிராட்காம் சிப் உள்ள டெல், எச்பி லேப்டாப்புகளுக்கு டிரைவர் இறக்க இதுவே சுலப வழி. சிப் தெரிந்தும் கனெக்ட் ஆகவில்லையென்றால், வைஃபை மென்பொருள் அளவில் பூட்டியிருக்கலாம், ஆர்எஃப்கில் கட்டளையால் திறக்கலாம்.

தமிழும் மலையாளமும் இங்கே இரண்டும் வேண்டும். டெபியனின் தமிழ் எழுத்துருத் தொகுப்பையும் எஸ்எம்சி (சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்) அமைப்பின் மலையாளத் தொகுப்பையும் பேக்கேஜ் இன்ஸ்டாலரில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்99 கீபோர்டு அமைப்பு சிஸ்டத்திலேயே இருக்கிறது. ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்களுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் தேவை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துருவை ஹோம் ஃபோல்டருக்குள் .fonts ஃபோல்டரில் போட்டால் போதும், தெரிந்துவிடும்.

பிரிண்டர் விஷயத்தில் மட்டும் வாங்கியதற்கு ஏற்ற அதிர்ஷ்டம். எச்பி 1020 ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதற்கு ஃபர்ம்வேர் ஏற வேண்டும், அதற்கு எச்பிலிப் (எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பு) பிளகின் தேவை. எச்பிலிப் அப்டேட் ஆனால் பிளகினையும் மறுபடி இறக்க வேண்டும். கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் யோசித்து இறங்குங்கள், அதன் கேப்ட் டிரைவர் 64 பிட்டில் தலைவலி. இ-சேவை, கேரளத்தின் அக்ஷயா மைய வேலைக்கு கைரேகைக் கருவி மாட்டும் மெஷினில் கை வைக்கவே வேண்டாம். அந்தக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கிறது.

வேகம் பற்றி: ஹார்டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் கிடைக்கும் வித்தியாசம் எந்த லினக்ஸ் மாற்றத்திலும் கிடைக்காது. ரேம் வாங்கும்போது டிடிஆர்3 என்று மட்டும் கேட்காதீர்கள். 2013க்குப் பிந்தைய லேப்டாப்புகள் பல 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். 2 ஜிபியில் ஃபயர்ஃபாக்ஸ் நான்கைந்து டேப் வரை தாங்கும், யூடியூப் 480பி தரத்துக்கு மேல் போனால் திக்கும். 4 ஜிபி ஆக்கினால் வீட்டு உபயோகத்துக்குக் குறையில்லை.

32 பிட் மெஷினுக்கு எஸ்எஸ்டி வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. குரோம் 32 பிட் லினக்ஸை 2016இலேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது, 140 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது வரும் என்று அறிவித்தது. டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. அந்த நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் 32 பிட் போட்டு, இருக்கிற ஹார்டிஸ்கிலேயே டைப்பிங்குக்கும் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலையை அதில் பார்க்காதீர்கள்.