எம்ஜிபியா, எம்எக்ஸ்-5ஆ?

கூரை திறக்கணும், ரெண்டு சீட் போதும், பின்சக்கரம் தள்ளணும், கியரை நாமே மாத்தணும். இப்படி ஆசைப்படுகிறவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டு கார்கள்தான். ஒன்று, 1962-ல் அறிமுகமாகி 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி. மற்றது மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை 1989-ல் வந்தது. நான் சொல்வது 2015-ல் வந்த நான்காம் தலைமுறையை.

எண்களில் போட்டியே இல்லை. எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் 95 குதிரைத்திறன் தரும். 2018-ல் மெருகேறிய மாஸ்டாவின் 2 லிட்டர் இன்ஜின் தருவது 184. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எம்ஜிபி பன்னிரண்டு விநாடிக்கு மேல் எடுக்கும். மாஸ்டாவுக்கு அதில் பாதி போதும். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் சுமந்தும் மாஸ்டா ஒரு டன்னைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

ஆனால் அறுபதில் போகும்போது கதை மாறும். எம்ஜிபியின் பின்பக்கம் லாரியில் இருப்பது மாதிரி பட்டை பட்டையான லீஃப் ஸ்பிரிங். வளைவில் ஒரு பள்ளம் வந்தால் வால் துள்ளும், ஸ்டியரிங் கையில் உதறும். ஆரம்பகால வண்டிகளில் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர்கூட இல்லை, காலை ஊன்றி மிதிக்கணும். அறுபதே நூறு மாதிரி இருக்கும். மாஸ்டா அதே வளைவில் சத்தமில்லாமல் போய்விடும். அதில் சிலிர்ப்பு வரணும் என்றால் போலீஸ் நிறுத்தும் வேகத்துக்குப் போகணும்.

பராமரிப்புதான் உண்மையான பிரிவினை. எம்ஜிபியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் இரண்டு, எஸ்யு என்ற பிராண்ட். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தால் ‘உஸ்’ என்று கேட்கும். இரண்டிலும் ஒரே சுருதி வரும்வரை ஸ்க்ரூவைத் திருகணும். பிடித்துப்போனால் ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கரையும். பிடிக்காதவருக்கு இது தண்டனை. மாஸ்டாவில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு என்ன என்பது குறியீட்டு எண்ணாக வந்துவிடும், அவ்வளவுதான்.

பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்ற பயம் எம்ஜிபிக்குப் பொருந்தாது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார். 1988-ல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இன்னும் நாற்பது வருஷம் கழித்து மாஸ்டாவின் இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் செத்தால் யார் செய்து தருவார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

தினமும் ஓட்ட ஒரே கார் என்றால் மாஸ்டா, யோசிக்கவே வேண்டாம். வீட்டில் வேறு வண்டி இருந்து, கையில் கிரீஸ் படுவது பிடிக்கும் என்றால் எம்ஜிபி. அதைப் பார்க்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பகுதிதான் பாடியின் பாரத்தைத் தாங்குகிறது, முதலில் துரு பிடிப்பதும் அங்கேதான். காந்தம் அங்கே ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. பெயிண்ட் எப்படிப் பளபளத்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.