“ஃபியூசர் போச்சு மேடம்”: ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரைக் கொடுத்து ஓடாததை வாங்கிய கதை

வீட்டில் பழைய லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சர்வீஸுக்கு வந்த ஆள், “எடுத்துட்டுப் போய்தான் பார்க்கணும்” என்றால் வாசற்படி தாண்ட விடாதீர்கள். நான் விட்டேன். 7,350 ரூபாய் போனது. அதைவிட வயிற்றெரிச்சல், 15 வருஷமாக மக்கர் பண்ணாமல் ஓடின மெஷினின் உள்ளே இருந்த நல்ல பாகமும் போனது.

சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஜாப் டைப்பிங். கிரயப் பத்திரம், செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று ஆவண எழுத்தர்கள் இரண்டு பேர் வாடிக்கையாக வேலை தருகிறார்கள். மாதம் 400, 500 பக்கம் ஓடும். முகூர்த்த நாள் நெருங்கினால் அது இரட்டிப்பாகும். நம் ஊரில் கல்யாணத்துக்கு மட்டுமா நாள் பார்க்கிறோம், பத்திரப் பதிவுக்கும்தான்.

பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020. 2010-இல், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. பட்டன் கிடையாது, முகத்தில் இரண்டு விளக்கு, அவ்வளவுதான். வைஃபை, ஸ்கேனர் எதுவும் இல்லை. 12ஏ கார்ட்ரிட்ஜ் போட்டால் ஓடும். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம் என்று கம்பெனி சொல்கிற கணக்கு, தாளில் 5 சதவீத இடம்தான் எழுத்து என்று வைத்துப் போட்டது. பத்திரத்தில் அப்படியா இருக்கிறது? “மேற்படி சொத்தை மேற்படி நபர்” என்று ஓரம் முதல் ஓரம் வரை இடைவெளியே இல்லாமல் போகும். எனக்கு 1,400 வந்தாலே பெரிது. தீர்ந்ததும் ரீஃபில். இரண்டு மூன்று ரீஃபிலுக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிற டிரம் என்கிற உருளையை மாற்றுவேன். இப்படியே முக்கால் லட்சம் பக்கத்துக்கு மேல் அடித்திருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இதைத்தான். அதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் கேலி செய்கிறார்.

போன ஆவணியில் தாள் எடுக்கத் தகராறு செய்ய ஆரம்பித்தது. ‘கர்ர்’ என்று சுற்றும், தாள் நகராது. விரலால் லேசாகத் தள்ளிவிட்டால் எடுத்துக்கொண்டு பளிச்சென்று அடித்துத் தரும். இந்த ஒரு விஷயத்தை அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. தள்ளிவிட்டால் பளிச்சென்று அடிக்கிற பிரிண்டருக்கு, தாளை இழுக்கிற ரப்பர் வழுக்குகிறது என்பதைத் தவிர வேறு என்ன நோய் இருக்க முடியும்?

ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ரிச்சி ஸ்ட்ரீட் மூடியிருக்கும். எனக்கு எப்போதும் பிரிண்டர் பார்க்கிற மெக்கானிக் பாய், பேத்தி கல்யாணத்துக்காக ஆம்பூர் போயிருந்தார். திங்கட்கிழமை முகூர்த்தம், கையில் மூன்று பத்திரம். போனில் “பிரிண்டர் சர்வீஸ் சைதாப்பேட்டை” என்று தேடினேன். முதலில் வந்த எண்ணில் கம்பெனி பெயரும் இருந்தது, ‘சர்வீஸ் சென்டர்’ என்றும் இருந்தது. ஒரு பெண் எடுத்து அழகாகப் பேசினாள். விசிட்டிங் சார்ஜ் 350, இரண்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்றாள். அது கம்பெனிக்காரர்கள் இடமே இல்லை, அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு யாரோ நடத்துகிற எண் என்பது பிறகுதான் தெரிந்தது.

பையன் வந்தான், முப்பது வயதுக்குள். கழுத்தில் அடையாள அட்டை, ஆனால் திரும்பித் தொங்கியது. பிரிண்டரை ஆன் செய்தான். கார்ட்ரிட்ஜ் மூடியைத் திறந்து மூடினான். ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

“ஃபியூசர் போச்சு மேடம். லாஜிக் கார்டும் வீக்.” ஃபியூசர் என்பது எழுத்தைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கிற பாகம், லாஜிக் கார்டு என்பது மெஷினை இயக்குகிற சர்க்யூட் போர்டு.

“தாள்தானே தம்பி எடுக்கல? தள்ளிவிட்டா நல்லாதானே அடிக்குது.”

“அது அப்படித்தான் மேடம் ஸ்டார்ட் ஆகும். லாஜிக்லேர்ந்து சிக்னல் போனாதானே ரோலர் சுத்தும். இதை யூபிஎஸ்ல போட்டிருக்கீங்களா?”

“இல்ல, நேரா சுவத்துல.”

“அதான். வோல்டேஜ் ஏறி இறங்கி லாஜிக்கைத் தின்னுடுச்சு.”

இது பச்சைப் பொய். லேசர் பிரிண்டரை வீட்டு யூபிஎஸ்ஸில் போடவே கூடாது. உள்ளே ஃபியூசர் சூடாகிற நொடியில் மின்சாரத்தைக் குபீரென்று இழுக்கும், சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது. சுவரில் நேராகப் போட்டதுதான் சரி. ரோலர் கதையும் பொய்தான், ‘கர்ர்’ என்று அது சுற்றிக்கொண்டுதானே இருந்தது! ஆனால் வாசலில் நாளைய முகூர்த்தம் நிற்கும்போது எதிராளி நிதானமாக ஒன்றைச் சொன்னால் நமக்குச் சந்தேகம் நம் மேல்தான் வருகிறது. சரி, எடுத்துக்கொண்டு போ என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரும் ‘பிரிண்டர் 1’ என்றும் எழுதிக் கொடுத்தான். விலாசம் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

மறுநாள் தருவதாகச் சொன்னது 11 நாள் ஆனது. “பார்ட்ஸ் டெல்லியிலிருந்து வரணும் மேடம்.” அதுவரை நான் பென் டிரைவோடு தெருமுனை ஜெராக்ஸ் கடை வாசலில். காசு பெரிதில்லை. ஒவ்வொரு பத்திரத்திலும் கட்சிக்காரர்களின் ஆதார் எண், பான் எண், நான்கு எல்லை எல்லாம் இருக்கிறது. அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் என் கோப்பு தங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே கழுத்து வலித்தது.

பிரிண்டர் வந்தது. கூடவே பில்: ஃபியூசர் யூனிட் 2,800, லாஜிக் கார்டு சர்வீஸ் 1,500, பிக்கப் ரோலர் 450, ‘ஒரிஜினல்’ கார்ட்ரிட்ஜ் 2,600. மொத்தம் 7,350, அதில் ‘பழைய கஸ்டமர்’ தள்ளுபடி 350 போக 7,000. முதல் தடவையாகப் பார்க்கிற எனக்கு எப்படியடா பழைய கஸ்டமர் தள்ளுபடி என்று அப்போது தோன்றவில்லை, தள்ளுபடி என்றதும் பல்லைக் காட்டிவிட்டேன். விசிட்டிங் 350 முதல் நாளே வாங்கியாயிற்று.

“கார்ட்ரிட்ஜ் பெட்டி எங்கே தம்பி?”

“கம்பெனி பல்க் சப்ளை மேடம், பெட்டி வராது. டேப்பையும் நானே இழுத்துப் போட்டுட்டேன், உங்களுக்கு வேலை மிச்சம்.”

அந்த டேப்தான் விஷயமே. புது 12ஏ கார்ட்ரிட்ஜில் பொடி கொட்டாமலிருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை அடைத்திருக்கும். பக்கத்திலிருக்கிற நாக்கைப் பிடித்து இழுத்தால் நீளமாக வந்துகொண்டே இருக்கும். கடைசிவரை இழுத்த பிறகுதான் மெஷினில் மாட்டவேண்டும். ரீஃபில் செய்ததில் பெரும்பாலும் இது இருக்காது. நம் கண்முன்னால் பெட்டியைப் பிரித்து, நம் கையாலேயே பட்டையை இழுத்தால்தான் அது புதுசு. வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் பணம் மிச்சமில்லை என்று அர்த்தம்.

நின்றவாக்கில் இரண்டு பக்கம் அடித்துக் காட்டினான். தாளும் எடுத்தது, எழுத்தும் தெரிந்தது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். கம்பெனிக் கணக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம், அப்பா மகளுக்கு எழுதிவைக்கிறார். அடித்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தாள். “ஆன்ட்டி, மடிச்ச இடத்துல எங்கப்பா பேரு உதிருது.” எனக்குப் புரியவில்லை. நேரில் கொண்டுவந்து காட்டினாள். விரலால் தேய்த்தால் எழுத்து கரிப்பொடியாகக் கையில் வருகிறது. முத்திரைத்தாள் வேறு வீண்.

டோனர் மை இல்லை, பிளாஸ்டிக் கலந்த பொடி. அதைத் தாளில் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கி, கூடவே அழுத்தி ஒட்டவைப்பதுதான் ஃபியூசரின் வேலை. சூடு சரியாக ஏறாவிட்டால் எழுத்து தாளின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், கோலமாவு போல. என் பழைய ஃபியூசரில் அடித்த 2012-ஆம் வருஷப் பத்திரங்கள் இன்றைக்கும் நகத்தால் சுரண்டினால் வராது. புது ஃபியூசர் என்று 2,800 கொடுத்த பிறகு உதிர்கிறது.

இதற்கு நடுவே கார்ட்ரிட்ஜ் கசிந்து மேஜைவிரிப்பெல்லாம் கறுப்பு. என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதை வெந்நீரில் முக்கி எடுத்தார். டோனரில் வெந்நீர் பட்டால் அது துணியோடு உருகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் உதறிவிட்டு, பச்சைத் தண்ணீரில்தான் அலசவேண்டும். அந்த விரிப்பு இப்போது கைப்பிடித் துணி.

பாய் ஆம்பூரிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்ததும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதலில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். வரிசையாகக் கறுப்புப் புள்ளி. ஸ்கேலை எடுத்துப் புள்ளிக்குப் புள்ளி அளந்தார். ஏழரை சென்டிமீட்டர்.

“டிரம்முமா. ஒரு சுத்து சுத்தினா இவ்ளோதான் வரும். டிரம்ல ஒரு இடத்துல அடிபட்டிருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் அதே இடத்துல புள்ளி வெக்குது. இது எத்தினி தடவ ரீஃபில் பண்ணதோ!”

பிறகு பிரித்தார். உள்ளே பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஏம்மா, 2018-ல நான்தானே இதோட ஃபியூசருக்கு டெஃப்லான் உறை மாத்தினேன்? மாத்துனா தேதி எழுதுவேன், உனக்குத் தெரியும்ல? எங்க அது?”

பாயிடம் ஒரு பழக்கம். எந்தப் பாகத்தைத் தொட்டாலும் அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதி, பக்கத்தில் ஒரு பிறை போடுவார். என் ஃபியூசரில் அந்தப் பிறை இருந்தது. இப்போது இருந்த ஃபியூசரில் பிறையும் இல்லை, தேதியும் இல்லை. டெஃப்லான் கிழிந்து, ஓரமெல்லாம் கரி. வேறு ஏதோ செத்த மெஷினிலிருந்து கழற்றியது. லாஜிக் கார்டைத் தொட்ட அடையாளமே இல்லை, 15 வருஷத் தூசி அப்படியே படிந்திருந்தது. அந்த 1,500 எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பிக்கப் ரோலரை மட்டும் மாற்றியிருந்தான். அதாவது நோய் என்ன என்று அவனுக்கு முதல் நிமிடமே தெரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, எடுத்துக்கொண்டு போன கூலியாக என் நல்ல ஃபியூசரை எடுத்துக்கொண்டிருக்கிறான்.

பாய் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்காரவைத்தது. இந்த மாடலில் பிக்கப் ரோலர் மாற்ற மெக்கானிக்கே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் உள்ளே ரோலர் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சின்னக் கொக்கி, அதை நகர்த்திச் சுழற்றினால் கையோடு வந்துவிடும். பிரிண்டரோடு வந்த கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. மாற்றக்கூட வேண்டியதில்லை, பாதி நேரம் ஈரத்துணியால் துடைத்தாலே ரப்பருக்குப் பிடிப்பு வந்துவிடும். பேப்பர் தூசிதான் அங்கே படிகிறது. ஒரே நேரத்தில் நாலு தாள் சேர்ந்து போனால் அது வேறு, தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிற செபரேஷன் பேட் தேய்ந்திருக்கும். அதுவும் சின்னச் செலவுதான். ஐப்பசி, கார்த்திகையில் எதுவுமே தேயாமல்கூடச் சிக்கும். அது மெஷின் கோளாறு இல்லை, சென்னைக் காற்றில் தாள் நமத்துப்போவது. ரீமைப் பிரித்தால் மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்கிறேன், அந்தச் சிக்கலே பாதியாகக் குறைந்தது.

பாய் வேறொரு நல்ல ஃபியூசர் தேடி, டெஃப்லான் புதிதாகப் போட்டு, டிரம்மும் மாற்றி 1,600 வாங்கினார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலேயே பையில் போட்டுக் கையில் கொடுத்தார். நான் அந்தப் பையனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்: “என் பழைய ஃபியூசர் எங்கே?”

புகார் கொடுக்காமல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பொறுமையாகக் கேட்டார்கள், புகார் எண்ணும் தந்தார்கள். ஆனால் எதிர்த்தரப்பு யார், விலாசம் என்ன, பில் எங்கே என்று கேட்டபோது என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை. அங்கேயும் நோட்டீஸ் அனுப்ப ஒரு கதவு எண் வேண்டுமே. பத்திரத்தில் நான்கு எல்லையும் சரியாக இருக்கிறதா என்று ஊருக்கெல்லாம் சரிபார்த்துத் தருகிறவள், என் சீட்டில் விலாசம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கொடுத்த பணம் திரும்பி வரவில்லை, வரும் என்ற நினைப்பும் இல்லை.

இப்போது நானே ஒரு மார்க்கர் வாங்கிவைத்து, கார்ட்ரிட்ஜ், ரோலர், ஃபியூசர் எல்லாவற்றின் ஓரத்திலும் என் இனிஷியல் போட்டிருக்கிறேன், பாயின் பிறைக்குப் பக்கத்தில். வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடியாது என்கிற ஆளுக்கு 350 கொடுத்து டீயும் கொடுத்து அனுப்பிவிடுவதாக முடிவு. நல்ல மெக்கானிக்குக்கும் கடைக்கு எடுத்துப்போக வேண்டிய வேலை வரும்தான். அப்போது கடை எங்கே என்று கேட்டு, நானும் கூடவே ஆட்டோவில் ஏறிக்கொள்வேன்.

போன வாரம் அதே எண்ணிலிருந்து அந்தப் பெண் அழைத்தாள். குரல் மாறவில்லை.

“மேடம், உங்க பிரிண்டருக்கு ஏஎம்சி, அதான் வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட், போட்டுக்கலாமா? பழைய கஸ்டமர்ங்கிறதால தள்ளுபடி இருக்கு.”

“தாராளமா போடலாம்மா. பணத்தை நேர்லயே கொண்டுவந்து தர்றேன். உங்க ஆபீஸ் அட்ரஸ் சொல்லு, எழுதிக்கிறேன்.”

“ஒரு நிமிஷம் மேடம்” என்றாள். பின்னால் யாரோ ஆண் குரல் ஏதோ சொன்னது. லைன் கட்டாகிவிட்டது.