உப்புக்காற்றில் ஊசியிலைக் குட்டை மரங்கள்: தொட்டியில் எது நிற்கிறது, எது போகிறது

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் மொட்டைமாடியிலும் வாசலோரத்திலும் இந்தச் செடிகளைப் பல வருடம் வளர்த்துப் பார்த்ததில் தெளிவாகத் தெரிவது ஒன்று: இங்கே செடியைக் கொல்வது வெயிலைவிட உப்புதான். குட்டை ரகம் என்றாலே மெதுவாக வளர்வது என்று பொருள். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில் வருடத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வரை வளர்வதே குட்டை ரகம். அதனால் ஒரே தொட்டியில் மூன்று, நான்கு வருடம் இருக்கும். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு. 1,500 பிபிஎம் டிடிஎஸ் உள்ள போர்த் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 45 கிராம். செடி தண்ணீரைக் குடித்துவிடும், உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும்.

முதலில் எதை வாங்கக்கூடாது என்பது. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போய்வருபவர்கள் ஆசையாகக் கொண்டுவரும் எலுமிச்சை வாசனை கோல்டன் சைப்ரஸ், கோடையைத் தாண்டுவது அபூர்வம். அதன் தாய்மரம் கலிபோர்னியாவின் மான்டெரே பக்கம் குளிர்ந்த மூடுபனிக் கடற்கரையில் வளர்வது. குட்டை ஸ்புரூஸ், மூகோ பைன் இரண்டுக்கும் குளிர்கால உறக்கம் வேண்டும். எவ்வளவு நிழல் கட்டினாலும் அதை இங்கே கொடுக்க முடியாது.

நீடித்து நிற்பவை மூன்று. முதலிடம் ஜூனிபெரஸ் புரோகம்பென்ஸ் நானா. தென் ஜப்பான் கடற்கரை இதன் பிறப்பிடம், உப்புக்காற்று இதற்குப் புதிதில்லை. தரையோடு படரும், தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். 14 அங்குல அகலமும் 8 அங்குல ஆழமும் உள்ள தொட்டி போதும். அடுத்தது நர்சரிகளில் துஜா என்று விற்கும் பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸின் குட்டை ரகம். புத்தகத் தாள்களை நிறுத்தி வைத்ததுபோல இலைத்தட்டுகள் செங்குத்தாக நிற்கும். காய் நீலம் பூத்து, செதில் நுனியில் கொக்கி இருக்கும். இதை வைத்து அடையாளம் பாருங்கள், குளிர்நாட்டுத் துஜா இங்கே தாங்காது. பொன்னிற ரகத்துக்குக் காலை வெயில் கட்டாயம் வேண்டும். நிழலில் பச்சையாகிவிடும், பிற்பகல் வெயிலில் நுனி வெளுக்கும். மூன்றாவது பொடோகார்பஸ் மாக்கி. இலை அகலமாக இருந்தாலும் இதுவும் ஊசியிலைக் குடும்பத்து மரம்தான். உப்புக்காற்றைத் தாங்குவதிலும், வெட்டினால் திரும்பத் துளிர்ப்பதிலும் நம்பகமானது. முதல்முறை வளர்ப்பவருக்கு இதைத்தான் சொல்வோம்.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரோகேரியாவுக்கும் உப்புக்காற்று பெரிய தொல்லையில்லை. ஆனால் அது குட்டை ரகம் அல்ல, தொட்டிக்குள் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உயரத்தைக் குறைக்க நடுக்குருத்தை வெட்டினால் அந்த அடுக்கு அழகு திரும்பி வராது.

நடுவதற்குச் சரியான காலம் ஐப்பசி, கார்த்திகை. பங்குனி வெயிலுக்குள் வேர் பிடிக்க நான்கு மாதம் கிடைக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு எங்கள் கலவை: பொடித்த செங்கல் சல்லி (3 முதல் 6 மில்லிமீட்டர்) 4 பங்கு, செம்மண் 3 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு 1 பங்கு. சல்லி கிடைக்காவிட்டால் தூள் சலித்தெடுத்த சீமைக்கருவேலங்கரியைச் சிறு துண்டுகளாகப் பாதியளவு சேர்க்கலாம், நம் பக்கம் கரிக்குப் பஞ்சமில்லை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நார்க்கழிவை மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 500-க்குக் கீழே காட்ட வேண்டும். புது ஆட்டெருவிலும் உப்பு அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் நர்சரி வேர்ப்பந்து. பையைக் கிழித்தால் உள்ளே பிசுபிசுப்பான செம்மண் கல்லாக இறுகியிருக்கும். அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் பந்தைச் சுற்றி வழிந்து அடியில் ஓடிவிடும். மேலே தொட்டால் ஈரம், நடுவேர் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். நடுவதற்கு முன் இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உதிர்த்துவிடுங்கள். முழு மண்ணையும் அலசி வேரை அம்மணமாக்கினால் செடி தேறாது.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மாடிக்கு ஆகாது. பக்கவாட்டு வெயிலில் உள்ளே 40 டிகிரியைத் தாண்டும், வேர்நுனி கருகும். மானாமதுரை மண் தொட்டி நல்லது. ஆனால் உப்புத்தண்ணீர் சுவர் வழியே கசிந்து வெளியே வெள்ளையாகப் பூக்கும், போகப்போகச் செதில் செதிலாக உதிரும். அந்த வெள்ளைப் பூச்சு ஏறும் வேகத்தைப் பார்த்தே உங்கள் தண்ணீரின் தரம் தெரிந்துவிடும். எந்தத் தொட்டியானாலும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடைமழையில் அடித்துளை அடைத்தால் வேர் அழுகும்.

காவிரிக் கூட்டுக் குடிநீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. மழைநீரைப் பிடித்து வையுங்கள். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விரயம் போக 800 லிட்டர் நிற்கும். போர்த் தண்ணீர்தான் என்றால் ஊற்றுவதில் நான்கில் ஒரு பங்கு அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் உப்பைச் சேர்க்கும். மாதம் ஒருமுறை, தொட்டிக் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு மழைநீரை நிதானமாக ஊற்றி அலசிவிடுங்கள். உரத்தில் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் இருப்பது குளோரைடு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் பரவாயில்லை, அதையும் கார்த்திகை முதல் மாசிக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.

கருகலை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே காரணம் சொல்லலாம். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) மோதும் பக்கம் மட்டும் கருகினால் காற்றின் உப்பு. அந்தப் பக்கம் 50 சதவீத நிழல்வலை கட்டி, பலத்த காற்றடித்த மறுநாள் அதிகாலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கெட்டிச் சுவர் எழுப்பினால் காற்று அதைத் தாண்டிச் சுழன்று விழும். சுற்றிலும் எல்லா நுனியும் ஒரேபோல் பழுத்தால் மண்ணில் உப்பு. உட்பக்க இலை தூசி படிந்ததுபோல் மங்கி வெண்கல நிறமானால் செம்பேன். கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள், நகரும் புள்ளிகளை விரலால் தேய்த்தால் கோடு விழும். இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, நான்கு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை செய்தால் அடங்கும். நீலப்பூச்சுள்ள ஜூனிபருக்கு வேப்பெண்ணெய் அடித்தால் அந்தப் பூச்சே போய்விடும். கந்தகத்தைக் கோடையில் தொடாதீர்கள், இலை வெந்துவிடும். துஜாவின் உட்புறம் பழைய இலை பழுத்து உதிர்வது இயல்பு. அதைக் கையால் உதிர்த்துச் சுத்தம் செய்தால் காற்றோட்டம் வரும்.

வேர் செத்த பிறகும் இந்த மரங்கள் சில வாரம் பச்சையாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையைக் கீறுங்கள், உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. கத்தரிக்கும்போது ஜூனிபரிலும் துஜாவிலும் பச்சை இலை உள்ள பகுதிக்குள்தான் கத்தரி நிற்க வேண்டும். இலையற்ற பழுப்புக் கட்டையில் வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே கிடக்கும், பொடோகார்பஸ் மட்டும்தான் விதிவிலக்கு.