மான் வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில் போதும்? ஏழு பருவங்களின் அனுபவம்

முதல் காம்பவுண்டு வில்லை (முழுதாக இழுத்ததும் கையில் பாரம் தளரும்படி நுனிகளில் சுழலிகள் பொருத்திய வில்) வாங்கியபோது அதன் இழுவிசையை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையை, 70 பவுண்டில் வைத்துக்கொண்டேன். பயிற்சித் திடலில் உடம்பு சூடேறிய பின் நின்றபடி எய்தபோது அது சுமையாகவே தெரியவில்லை. காட்டில் நிலைமை வேறாக இருந்தது. இரண்டாம் பருவத்தில், உறைய வைக்கும் குளிரில் மரப் பரணில் மூன்று மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்த பிறகு, இருபது கெஜத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றது. விறைத்துப்போன தோள் ஒத்துழைக்காததால், வில்லை வானத்தை நோக்கி உயர்த்தித்தான் நாணை இழுக்க முடிந்தது. அந்த அசைவு போதும். மான் தலையைத் தூக்கியது, மறு நொடி புதருக்குள் மறைந்தது.

அன்று மாலையே வில்லின் மேலும் கீழும் வளையும் இரு கைகளிலும் உள்ள திருகுகளைச் சம அளவில் தளர்த்தத் தொடங்கி, படிப்படியாக 55 பவுண்டுக்கு வந்து சேர்ந்தேன். கடந்த ஐந்து பருவங்களாக அதை மாற்றவில்லை. இழுவிசையைக் குறைத்தால் அம்பின் விறைப்பும் அதற்குப் பொருந்த வேண்டும் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். 70 பவுண்டுக்கு வாங்கிய பழைய அம்புகள், குறிப்பாக வேட்டை முனை பொருத்தியபோது, பக்கவாட்டில் விலகிக்கொண்டே இருந்தன.

வலிமை குறைந்துவிடுமே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் 420 கிரெய்ன் (சுமார் 27 கிராம்) எடையுள்ள என் அம்பு நொடிக்கு 240 அடி வேகத்தில் செல்லும்போது ஏறத்தாழ 54 அடி-பவுண்டு ஆற்றலைச் சுமக்கிறது. மானுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 25 முதல் 41 வரையிலான அளவை அது தாண்டிவிடுகிறது. அம்பு கொல்வது அதிர்ச்சியால் அன்று, வெட்டினால் உண்டாகும் இரத்தப்போக்கினால். ஆகவே சவரக்கத்தி போன்ற கூர்மையும், பக்கவாட்டில் நிற்கும் மானின் நெஞ்சுக்கூட்டுக்குள் சரியான இடத்தில் பாய்வதும் கூடுதல் பதினைந்து பவுண்டைவிட மேலானவை. கடைசியாக நான் எய்த அம்பு விலாவை ஊடுருவி, மறுபுறம் ஈரமண்ணில் பாதி புதைந்து நின்றது. அதன் இறகுகள் மூன்றும் சிவந்திருந்தன. விரிந்து திறக்கும் முனைகள் ஆற்றலில் ஒரு பகுதியைத் திறப்பதற்கே செலவிடுவதால், இந்த இழுவிசைக்கு நிலையான அலகு கொண்ட முனையையே நான் விரும்புகிறேன்.

நுனிகள் முன்புறம் வளைந்த, சுழலிகள் இல்லாத ரிகர்வ் வில்லில் கணக்கு சற்று மாறும். முழு இழுப்பில் பாரம் தளர்வது அதில் இல்லை. மேலும் அதன்மீது பொறித்திருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கானது. 26 அங்குலமே இழுப்பவருக்கு 45 பவுண்டு வில் சுமார் 40 பவுண்டாகவே அமையும். குறைந்தபட்ச இழுவிசையைச் சட்டமே வரையறுக்கும் இடங்கள் பல. 40 பவுண்டு அவற்றில் அடிக்கடி காணப்படும் எண்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு, குளிர்கால மேலங்கியை அணிந்து, நாற்காலியில் அமர்ந்து கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை இலக்குக்கு நேராக நீட்டியபடியே நாணை மெதுவாக இழுத்து அரை நிமிடம் பிடித்துப் பார்க்கிறேன். கை நடுங்கினால் திருகுகளை இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்திவிடுவேன்.